பத்து நிமிடம் குறைவாக எரிந்த உத்தரம்

எங்கள் பழைய ஃபயர் ஸ்டேஷனின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி இப்போதைய ஆபீசர் நவீன் போனில் கேட்டார். எனக்கு ஐம்பத்தாறு வயது. முட்டி தேய்ந்துபோய் இரண்டு வருடம் முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பெங்களூர் பிரேசர் டவுன் வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பவன். அப்படிப்பட்டவனிடம் யாராவது "நீங்கதான் சார் எழுதணும்" என்றால், கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொள்ளத்தான் தோன்றும்.

"கட்டடத்தை இடிக்கல சார். ரிப்பேர் பண்ணப் போறாங்க. கீழ பழைய வண்டியை நிறுத்தி, ஜனங்க வந்து பாக்கற மாதிரி. மேல நம்ம ஆளுங்களுக்குப் புது கட்டில் போட்டு ஹால். வாசல்ல ஒரு போர்டு வெக்கணும்" என்றார் நவீன்.

போர்டுக்கு வேண்டியது எனக்குத் தெரியும். சிவப்புச் செங்கல், சுண்ணாம்புக் கலவை, தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிப் பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை. குதிரை இழுத்த தண்ணீர் வண்டிக்காகக் கட்டிய வளைவு வாசல். குதிரைகள் போய் மோட்டார் வண்டி வந்தது. லாயம் சமையலறை ஆனது. வாசல் மட்டும் குதிரை அளவிலேயே நின்றுவிட்டதால், ஒவ்வொரு புது வண்டியும் முதல் வாரத்திலேயே கண்ணாடியை உடைத்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குப் பழகும். பின்னால் உயரமான கோபுரம். அதைக் கோயில் கோபுரம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. உள்ளே தொங்கியது நனைந்த துணிக் குழாய்கள். உலராமல் சுருட்டினால் குழாய் மக்கிப்போகும். அதனால்தான் அத்தனை உயரம்.

இதை எழுதி முடிக்க ஒரு மதியம் போதும். ஆனால் அந்தக் கட்டடத்தில் கரிந்துபோன ஓர் உத்தரம் இருக்கிறது. அதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பயிற்சியில் ஏணி ஏறவும், குழாய் பிடிக்கவும், மயங்கியவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பயப்படாமல் இருக்க மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. மற்றவர்களுக்கு அது பிறவியிலேயே இருந்தது போல. எனக்கோ கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போதே ஒரு கண் மூடிக்கொள்ளும். அதை மறைக்க நான் கண்டுபிடித்த வழி, சதா எதையாவது சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பது. சிரிக்கிறவன் நம் கை நடுங்குவதைப் பார்ப்பதில்லை. பெங்களூரின் மற்ற ஸ்டேஷன்களுக்கெல்லாம் போன் போட்டு இல்லாத கதைகளை அவிழ்த்துவிடுவேன். ஒருமுறை ஏரியில் யானை விழுந்துவிட்டது என்று நான் சொன்னதை நம்பி, பக்கத்து ஸ்டேஷனில் கயிறு வரைக்கும் எடுத்து வைத்துவிட்டார்கள்.

அப்போது எங்கள் ஆபீசர் தேவராஜ் சார். மூன்று தலைமுறையாக அரசாங்க வேலை பார்த்த தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடம். குரலை உயர்த்த மாட்டார். வேலை நிரந்தரமாகாமல் புரொபேஷனில் இருந்த என்னைக் கூட "நீங்க" என்றுதான் சொல்வார். காலையில் வந்ததும் குழாய்களை விரலால் தடவிப் பார்ப்பார். ஈரம் இருந்தால் ஒன்றும் பேசாமல் தானே கோபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார். வெட்கப்பட்டு நாங்கள் பின்னால் ஓடுவோம். ஸ்டேஷன் டைரியில் 'சுமார்' என்ற வார்த்தையை ஒருமுறை நான் எழுதியிருந்தேன். அதன்கீழ் பென்சிலால் கோடு போட்டு, "குமார், சுமார்னா என்ன? நீங்க பாக்கலையா, இல்ல பாத்தும் தெரியலையா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

போன் வந்தால் வாட்ச் ரூமில் இருப்பவன் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. பேசுகிறவர் பெயர், எங்கிருந்து பேசுகிறார், பக்கத்தில் என்ன அடையாளம், என்ன எரிகிறது. அதைச் சீட்டில் எழுத வேண்டும். மணி அடிக்க வேண்டும். மணி சத்தம் கேட்டால் எல்லாரும் வண்டியில் ஏறிவிடுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும். எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். வளைவைத் தாண்டும்போது சீட்டை ஆபீசர் கையில் கொடுக்க வேண்டும்; அவர் போகிற போக்கில் படித்து டிரைவரிடம் சொல்வார். வாட்ச் ரூம் ஆள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போனை விட்டுப் போகக் கூடாது.

ஒரு நாள் காலை பத்து நாற்பது. எல்லாரும் பின்பக்க முற்றத்தில் டிரில். வாட்ச் ரூமில் நான் மட்டும். போன் அடித்தது.

"குமார் பாய்! நெருப்பு! மாடில நெருப்பு!"

"உங்க பேர் என்ன?"

"பாஷாப்பா! எதிர்ல டீக்கடை பாஷா! காலைல வந்து டீ குடிச்சியே!"

"எங்கேயிருந்து பேசறீங்க?"

"கடைலேருந்து!"

"பக்கத்துல அடையாளம் ஏதாவது?"

பாஷா பாய் பரிதாபமான குரலில் சொன்னார்: "அடையாளம் ஃபயர் ஸ்டேஷன்தான் பா. பெரிய சிவப்பு பில்டிங். அதுதான் எரியுது. அல்லா, வெளிய வந்து பாரேன்!"

அந்தக் கடைசி வார்த்தைகள் காதில் விழுந்தன. ஆனால் அதற்குள் என் வலது கை 'பாஷா டீக்கடை, ஃபயர் ஸ்டேஷன் எதிரில், மாடியில் தீ' என்று சுத்தமான கையெழுத்தில் எழுதி முடித்திருந்தது; இடது கை மணியை அடித்துக்கொண்டிருந்தது. பயந்தவன் யோசிக்க மாட்டான், பழகியதைச் செய்வான். நான் மிக நன்றாகப் பழகியிருந்தேன்.

புகை தெருப்பக்க ஜன்னல் வழியாகப் போனதால் முற்றத்தில் இருந்த யாரும் அதைப் பார்க்கவில்லை. எட்டுப் பேரும் வண்டியில் பாய்ந்தார்கள். நான் சீட்டோடு ஓடி, "இங்கதான்! இங்கதான் சார்!" என்று கத்தினேன். சைரன் சத்தத்தில், சீட்டு இங்கே இருக்கிறது என்று நான் சொல்வதாகத் தேவராஜ் சார் புரிந்துகொண்டு, குனிந்து அதை வாங்கிக்கொண்டார். எரிகிற கட்டடத்தின் அடிவயிற்றிலிருந்து வண்டி கம்பீரமாக வெளியே வந்து, இடதுபுறம் திரும்பிப் போயே போய்விட்டது.

சார் சீட்டைப் படிப்பதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும்; எங்கள் தெரு ஒருவழிப் பாதை. திரும்பி வர வேண்டுமென்றால் மார்க்கெட்டைச் சுற்றி, ரயில்வே லைன் ஓரமாக வந்துதான் ஆக வேண்டும். எதிர்த் திசையில் நுழைய முடியாதபடி மூன்று பஸ்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன.

நான் போனுக்குத் திரும்பினேன். பக்கத்து ஸ்டேஷனில் டியூட்டியில் இருந்தவன் நஞ்சுண்டா.

"நஞ்சுண்டா, உடனே வண்டி அனுப்பு. நெருப்பு."

"எங்க?"

"எங்க ஸ்டேஷன்ல."

அவன் சந்தோஷமாகச் சிரித்தான். "போன வாரம் யானை. இந்த வாரம் இதா? லைனை ஃப்ரீயா விடு குமாரா, யாராவது நிஜமா கூப்பிடுவாங்க."

வைத்துவிட்டான். மறுபடி போட்டேன். "அப்பா சாமி, போதும்பா" என்று மறுபடி வைத்தான். மூன்றாவது முறை அழுதுகொண்டே பேசினேன். "நடிப்பு நல்லா முன்னேறியிருக்கு" என்றான். என் வாழ்நாளில் நான் சொன்ன அத்தனை பொய்களையும் நம்பினவன், ஒரே ஒரு உண்மையை மட்டும் நம்பவில்லை.

பாஷா பாய் இரண்டு பால் கேன்களில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நீ வரல?"

"போன் கிட்ட இருக்கணும் பாய். ரூல்."

"அரே, உன் ரூலுக்கு மேலதான் எரியுது!"

அப்போதுதான் போனை விட்டேன். வாசலில் தொங்கிய மணல் வாளிகளில் பாதி பீடித் துண்டுகள்; அதையும் சேர்த்து வீசினோம். மாடி ஹாலின் ஒரு மூலையில் சுவிட்ச் போர்டு வெடித்து, அடுக்கி வைத்திருந்த காய்ந்த குழாய்களிலும் மெத்தைகளிலும் பிடித்த தீ உத்தரத்தை நக்கிக்கொண்டிருந்தது. பாஷா பாய் உள்ளே போய் ஊற்றினார். நான் கதவு வரைக்கும் போய் ஊற்றினேன். அந்த வித்தியாசத்தை அவர் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

வண்டி ஊரைச் சுற்றிச் சைரனோடு வந்தது. தேவராஜ் சார் இறங்கினார், மேலே பார்த்தார், கையிலிருந்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அட்ரஸ் சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். அணைந்தபோது மணி பத்து ஐம்பத்து நான்கு. அணைந்த பிறகும் நாங்கள் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தோம். தேவைக்கு மேல், ரொம்பவும் மேல். அது வெட்கத்தில் ஊற்றிய தண்ணீர். உத்தரத்தின் மேல் வழிந்து, அதன் ஓரமாகவே ஓடி, சுவருக்குள் போனது.

மதியம் சார் என்னை உட்காரவைத்து டைரியைத் திறக்கச் சொன்னார்.

"எழுதுங்க. பத்து நாற்பதுக்குத் தீ தெரிந்தது. பத்து நாற்பத்து நான்குக்கு அணைக்கப்பட்டது."

நான் பேனாவைத் தூக்கினேன். "சார், ஐம்பத்து நாலு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "குமார், உங்க கல்யாணம் எப்போ?"

"அடுத்த மாசம் சார்."

"அப்போ நாற்பத்து நாலு."

பதினான்கு நிமிடம் என்று எழுதினால், மீதிப் பத்து நிமிடம் வண்டி எங்கே போயிருந்தது என்று விசாரணை வரும். புரொபேஷனில் இருந்தவனை வீட்டுக்கு அனுப்ப அது தாராளமாகப் போதும். நான் நாற்பத்து நான்கு என்று எழுதினேன். 'சுமார்' என்ற வார்த்தையைப் பொறுக்காத மனிதர் கீழே கையெழுத்துப் போட்டார். மறுநாளே அந்த உத்தரத்துக்கு அடியில் இருந்த கட்டில்களை எடுத்துவிட்டு, கேரம் போர்டைப் போடச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அவர் ரிடையர் ஆகும்வரை பத்து வருடம் அங்கே யாரும் படுக்கவில்லை.

அவர் போன பிறகு புதிதாக வந்தவர்கள் கேட்டார்கள், ஏன் அங்கே கட்டில் போடுவதில்லை என்று. நான் இருக்க, விளக்கத்துக்கா பஞ்சம்? வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பெரிய தீ வந்தது, ஒரு துரை தன் குதிரையைக் காப்பாற்றப் போய் மேலே மாட்டிக்கொண்டார், கரிந்த உத்தரம் அதன் மிச்சம், இன்றைக்கும் அடியில் படுத்தால் குளம்புச் சத்தம் கேட்கும் என்று ஒரு கதை கட்டினேன். மாடிக்கு ஏன் குதிரை ஏறியது என்று ஒருவன் கூடக் கேட்கவில்லை. ஸ்டேஷனில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய வரலாறு அது ஒன்றுதான்.

இப்போது நவீன் என்னைக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க அழைத்தார். ரிப்பேர் வேலையைப் பார்க்கிற இன்ஜினியர் ஷைலஜா மேடமும் வந்திருந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். ஒன்பது கட்டில்கள் ஹாலின் ஒரு பாதியில். மறுபாதி காலி.

"டைரி பாத்துட்டேன்" என்றார் ஷைலஜா மேடம். "மூலையில ஒரு தீ, நாலு நிமிஷத்துல அணைச்சிருக்காங்க. ஆனா நாலு நிமிஷத்துல இவ்வளவு கரியாது. அப்போ இது வேற தீயா இருக்கணும்."

"அதான் மேடம் அந்தத் துரை கதை" என்றார் நவீன் உற்சாகமாக. "பிரிட்டிஷ் காலம். நூறு வருஷமா அப்படியே நிக்குது."

"நூறு வருஷம் நின்னிருந்தா பயமில்ல. சந்தேகம்னா சுவரை உடைச்சு முனையைப் பாக்கணும். பழைய சுண்ணாம்புச் சுவர், சும்மா உடைக்க மனசு வரல." அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். "இந்தப் பக்கமும் ஆறு கட்டில் போடலாம்."

என் இரண்டு பொய்களும் என் கண்ணெதிரே கைகோத்துக்கொண்டன. ஒன்று சார் எனக்காகச் சொன்னது, மற்றது நான் சும்மா இருக்க முடியாமல் சொன்னது. இரண்டும் சேர்ந்து ஆறு பேரைக் கூட்டிவந்து அந்த உத்தரத்துக்கு அடியில் படுக்கவைக்கப் பார்த்தன.

இந்த இடத்தில் தைரியமாக வாய் திறந்தேன் என்று எழுத ஆசைதான். வாய் திறந்தேன், அது உண்மை. வெளியே வந்தது, "பாத்து மேடம், குதிரைக்கும் ஒரு கட்டில் போடுங்க!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொன்னால் சாரின் பெயர் என்ன ஆகும்? டிபார்ட்மெண்டில் இன்றும் நேர்மை என்றால் தேவராஜ் சார் என்றுதான் சொல்கிறார்கள். எண்பது வயதில் அவருக்கு இருக்கிற சொத்து அதுதான். இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு எட்டுப் படி இறங்கினேன். என் முட்டிக்கு ஒவ்வொரு படியும் தெரியும், அதனால் எண்ணிக்கை சரி. எட்டாவது படியில் நின்று மேலே பார்த்தேன். நவீன் காலி இடத்தில் நின்று, கட்டில்களுக்காக அடி எடுத்து வைத்து அளந்துகொண்டிருந்தார்.

மறுபடி ஏறினேன்.

"மேடம், அது பதினாலு நிமிஷம்."

"எது?"

"டைரில நாலுன்னு இருக்கறது. எழுதினது நான். துரையும் நான்தான் செஞ்சது. துரையும் கிடையாது, குதிரையும் கிடையாது. தண்ணி மட்டும் ரொம்ப ஊத்தினோம்."

நவீன் சிரிக்கத் தொடங்கினார், அடுத்த வேடிக்கை என்று நினைத்து. ஷைலஜா மேடம் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்தது. "தண்ணி எந்தப் பக்கம் ஓடுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

காண்பித்தேன். அன்று மதியமே சுவரில் ஒரு கல்லை எடுத்தார்கள். மேடம் ஓர் இரும்பு ஊசியை உத்தரத்தின் நடுவில் குத்தினார், முனைகூட இறங்கவில்லை. சுவருக்குள் இருந்த கடைசி ஒரு சாணில் குத்தினார். ஊசி பிடிவரைக்கும் போனது. இழுத்தபோது, ஈரத்தில் மக்கிப்போன மரம் காப்பித்தூள் மாதிரி கொட்டியது.

"இன்னையிலேருந்து மேல யாரும் படுக்கக் கூடாது" என்றார். "காலிப் பக்கம் மட்டும் இல்ல. மொத்த ஹாலும். அந்த ஒன்பது பேரும் இதே கூரைக்குக் கீழதான் படுத்திருக்காங்க."

கட்டடம் நிற்கும், அந்த உத்தரத்தை எடுத்துவிட்டு இரும்பு வைக்கப் போகிறார்கள். எனக்கு மீதி இருந்தது ஒரே ஒரு வேலை. வேறு யாராவது போய்ச் சொல்வதற்குள் சாரிடம் நானே சொல்ல வேண்டும்.

அவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் மகன் வீட்டில் இருக்கிறார், பதினோராவது மாடி. மேம்பாலத்தில் பஸ் போகும்போதே நான் பேச்சைத் தயாரித்தேன். லிஃப்டில் அத்தனையும் மறந்தது. கதவைத் திறந்ததும் சார் சொன்னது: "வாங்க குமார். இந்தப் பில்டிங்ல ஃபயர் ஹோஸ் பெட்டியெல்லாம் பூட்டி வெச்சிருக்கான் பாத்தீங்களா? கேட்டா திருட்டுப் போயிடுமாம்."

சொன்னேன். முழுவதும் சொன்னேன். துரை கதையையும் சொன்னேன். அதற்கு மட்டும் உதட்டோரம் லேசாகச் சிரித்தார்.

"ஊசி எங்க இறங்குச்சு? நடுவுலயா?"

"இல்ல சார். சுவருக்குள்ள, முனைல. பிடிவரைக்கும்."

"நான் நடுவுலதான் தட்டினேன்" என்றார்.

"தட்டினீங்களா?"

"வருஷா வருஷம். மழை முடிஞ்சதும், நீங்கள்லாம் பரேட்ல இருக்கறப்போ ஒரு சின்னச் சுத்தியலோட மேல போவேன். கணீர்னு நல்ல சத்தம். ஒவ்வொரு தடவையும் நிம்மதியா இறங்கி வருவேன். பத்து வருஷம் குமார். எங்க தட்டினா நிம்மதி வருமோ அங்கயே தட்டியிருக்கேன்."

"எனக்காகத்தானே சார்..."

"உங்களுக்காக இல்ல. எட்டுப் பேரை ஏத்திக்கிட்டு, எரியற வீட்டை விட்டு வெளிய போனவன் நான். பேப்பர்ல வந்தா ஊரே சிரிக்கும்னு பயம். உங்க கல்யாணம் வசதியாக் கிடைச்சுது."

இத்தனை வருடம் அந்த ஸ்டேஷனில் பயந்தாங்கொள்ளி நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். வாயில் வந்த ஒரு வேடிக்கையை, வாழ்க்கையில் முதல்முறையாக, விழுங்கினேன்.

"இப்போ மேல யாரும் இல்லையே?" என்றார்.

"இல்ல சார். பூட்டியாச்சு. எல்லாரும் கீழ, வண்டி பக்கத்துல."

"போன் போடுங்க."

ஸ்டேஷனுக்குப் போட்டேன். டியூட்டியில் ஒரு பெண் குரல். யார் பேசுவது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சார் போனை வாங்கிக்கொண்டார். மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். ஆபீசரிடம் என்று வந்த பதில் எனக்கும் கேட்டது.

"கீழ படுக்கறவங்க எத்தனை பேரும்மா?"

"ஒன்பது பேர் சார்."

"பேரைச் சொல்லுங்க. ஒவ்வொண்ணா."

அந்தப் பெண் தயங்கிவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். மஞ்சுநாத். சையத். ஆரோக்கியம். ரமேஷ். சாருக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. அவர் ரிடையர் ஆனபோது அவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். போனைக் காதில் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தார். காது சரியாகக் கேட்காததால் இரண்டு பெயர்களை மறுபடி சொல்லச் சொன்னார். ஒன்பதாவது விரலை மடக்கிய பிறகுதான் போனை என்னிடம் கொடுத்தார்.